வைக்கவா, அழிக்கவா?

டீச்சர்,

முந்தாநாள் கொடைக்கானலில் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிக்காரர், பள்ளிக்கூட வாசலில் ஒரு கோணிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே ‘தலைமை ஆசிரியர்’ என்று எழுதியிருந்தது. எனக்கு யார் என்ன அனுப்பப்போகிறார்கள் என்று அலட்சியமாகத்தான் கயிற்றை அறுத்தேன். உள்ளே இருந்த நோட்டு கண்ணில் படுவதற்கு முன்பே தைல வாசனை மூக்கில் ஏறியது. உடனே உங்கள் முகம் வந்துவிட்டது. பழனி வெயிலில் வளர்ந்த உடம்பு உங்களுக்கு. இந்த மலைக் குளிர் தாங்காமல் யூகலிப்டஸ் தைலத்தை நெஞ்சிலும் கழுத்திலும் பூசிக்கொண்டே மூன்று வருஷம் ஓட்டினீர்கள். நீங்கள் வருவதற்கு முன் உங்கள் வாசனை வகுப்புக்குள் வந்துவிடும். பிள்ளைகள் அதை வைத்தே வாயை மூடிக்கொள்வார்கள்.

நோட்டோடு உங்கள் தம்பியின் கடிதம் இருந்தது. நாலே வரி. காமாலை கண்டு போன மாதம் நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார். உங்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது நோட்டின் அட்டையில் நம் பள்ளிக்கூடத்தின் பழைய ஜில்லா போர்டு ஸ்கூல் பெயர் இருந்ததாம். பள்ளிக்கூடத்துப் பொருள் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேரட்டும் என்று அனுப்பிவைத்தாராம். நல்ல மனுஷர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் படித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

பன்னிரண்டு வருஷத்தில் உங்களுக்கு நான் ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. பதில் வராது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் லட்சணம் அவ்வளவுதான், உங்களுக்குத் தெரியாததில்லை.

நீங்கள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. பூண்டியில் லாரியிலிருந்து இறங்கி, இரண்டு மைல் ஏறி, டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்தவனுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டேன். மலைக்கோயிலுக்கு வருகிற யாத்திரைக்காரர்களுக்கு வீடு ஒதுக்கி, சமையல் செய்து போடுகிற குடும்பம் என்றீர்கள். அப்படியென்றால் ஒரு மாதத்தில் ஓடிவிடுவீர்கள் என்று என் மனைவியிடம் சொன்னேன். ஓடவில்லை. அந்த மாதமே வெள்ளிக்கிழமைக் கடைசி மணியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள்.

“கடைசி மணியில என்ன சார் நடத்துறீங்க?”

“வாய்ப்பாடு.”

“அதை எனக்குக் குடுங்க. புள்ளைங்க கதை எழுதட்டும்.”

“கதையா? இதுங்களுக்குச் சொல்வதெழுதலே வரலே டீச்சர்.”

“அடுத்தவங்க சொன்னதை எழுத வராது சார். அதுங்க சொல்றதை எழுத வரும்.”

எனக்குச் சிரிப்பாக இருந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத சோலி. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் அசந்துபோயிருப்பேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். முதல் வாரம் இருபத்திரண்டு சிலேட்டிலும் பசு பால் தந்தது. நீங்கள் ஒவ்வொரு சிலேட்டாக வாங்கிப் பார்த்து, “இது புஸ்தகத்துல ஏற்கெனவே இருக்கே. அதுல இல்லாததைச் சொல்லு” என்று திருப்பிக் கொடுத்தீர்கள். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தன. நான் அடுத்த வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு நமட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அதை நீங்கள் பார்த்தீர்கள்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ ஒரு பையன், தங்கள் மாடு கொடைக்கானல் ஏரிக்குப் படகு தள்ளும் வேலைக்குப் போனதாகவும், துரைமார் அதற்குத் தொப்பி கொடுத்ததாகவும், அது தொப்பியைத் தின்றுவிட்டதால் வேலை போய்விட்டதாகவும் எழுதினான். நீங்கள் அதைச் சத்தமாகப் படித்தபோது நானே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரிதான். எழுதத் தெரியாததுகள் உங்கள் காதில் வந்து சொல்லும், நீங்கள் அப்படியே எழுதுவீர்கள். ஒரு சொல்லைத் திருத்த மாட்டீர்கள். நான் சிவப்புப் பென்சிலை எடுத்தால் கையைப் பிடிக்காத குறையாகத் தடுப்பீர்கள்.

ஒரு வழக்கத்தையும் நீங்கள் ஏற்படுத்தினீர்கள். சிலேட்டில் எழுதியது அடுத்த பாடத்துக்கு அழிந்துதான் ஆகவேண்டும். அதனால் மணி அடிக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்க் குனிந்து, “வைக்கவா, அழிக்கவா?” என்று கேட்பீர்கள். ‘வை’ என்றால் அந்தக் கதை உங்கள் நீள நோட்டில் ஏறும். ‘அழி’ என்றால் பிள்ளையே தன் கையால் துடைக்கவேண்டும். அது துடைக்கும்போது நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். “நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் அழிக்க விட்டீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவன் கதை சார். அவன் அழிச்சா நாம படிச்சதையும் மறந்துடணும். அப்படித்தான் புள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன். அதனாலதான் உள்ளதை எழுதுதுங்க.”

எனக்கு அது பெரிய பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. எழுதியதை மறக்கச் சொல்கிற வாத்தியார் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன்.

ராமாயி மூன்றாம் வகுப்பு. ஒன்பது வயது. எண்ணெய் காணாத தலை, வெடித்த கன்னம், பேசச் சொன்னால் பாவாடை நுனியைக் கடிக்கும். அவளுடைய அய்யா சின்னராசு ரோட்டோரம் யூகலிப்டஸ் இலையைச் செம்புப் பானையில் போட்டுக் காய்ச்சித் தைலம் இறக்குகிறவர். நீங்கள் பூசிக்கொண்ட தைலம் அவரிடம் வாங்கியதுதான். ராமாயி பெரும்பாலும் ‘அழி’ என்றுதான் சொல்வாள். அவள் கதை நோட்டில் ஏறவே ஏறாது. ஆனால் அவள் சிலேட்டைப் படிக்கும்போது மட்டும் உங்கள் முகம் வேறு மாதிரி ஆகும் என்பதை நான் கவனித்திருக்கிறேன். என்னதான் எழுதுகிறாள் என்று கேட்டால் சொல்ல மாட்டீர்கள். எனக்கு அதில் கோபம். தலைமை ஆசிரியர் நான், எனக்குத் தெரியக்கூடாத சிலேட்டு என்ன சிலேட்டு என்ற கோபம்.

அந்தத் தைப்பூசத்துக்கு நீங்கள் பழனிக்குப் போகவேண்டியிருந்தது. யாத்திரைக் கூட்டம், வீட்டில் ஆள் போதாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி பிடிக்கப் புறப்பட்டீர்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வருஷத் தணிக்கை. போன வருஷம் தணிக்கைக்கு வந்த ஆய்வாளர், நம் பள்ளியின் எழுத்தும் வாசிப்பும் மந்தம் என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அது என் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

அன்று சாயங்காலம் கடைசி மணியை நான் எடுத்தேன். பிள்ளைகள் பழக்கத்தில் எழுதின. நானும் உங்களைப் போலவே வரிசையாகப் போய்க் குனிந்து கேட்டேன். ராமாயியின் சிலேட்டை வாங்கிப் படித்தேன். அந்தக் கதை இதுதான்:

‘எங்க சோலைல ஒரு பூதம் இருக்கு. அது பேரு புகைப்பூதம். அதுக்கு வயிறு செம்பு. கை மூங்கில். ரெட்டை அருவிக்கு மேலே வழுக்குப்பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். சந்தைக்கு முந்தின நாள் வெள்ளனே அதுக்குப் பசிக்கும். எங்க அய்யா போய் வெறகு குடுப்பாரு. அது சொட்டுச் சொட்டா அழும். அந்தக் கண்ணீரை எங்க அய்யா தகரத்துல புடிப்பாரு. எங்க அம்மா அந்தக் கண்ணீரைக் கண்டா வையும்.’

அசந்துவிட்டேன் டீச்சர். தைலம் காய்ச்சுகிற பானையைப் பார்த்து ஒரு ஒன்பது வயசுப் பிள்ளை இப்படி ஒரு பூதத்தைப் பிடித்துவிட்டதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. தைலப் பானைக்கும் சாராயப் பானைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நான்? மதுவிலக்கு இருக்கிற மலையில், தைலப் பானையிலேயே மற்றதையும் இறக்குகிற வீடுகள் உண்டு என்பது ஊர் அறிந்த ரகசியம். ஆனால் அந்த நிமிஷம் எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் ஆய்வாளரின் முகம்தான்.

“வைக்கவா, அழிக்கவா?” என்று கேட்டேன்.

“அழிங்க சார்.”

“ஏத்தா, நல்லாருக்கே.”

“அழிங்க சார்” என்றாள் மறுபடியும். கண்ணைப் பார்க்கவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். சரி, நான் அழித்துக்கொள்கிறேன் என்று சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் போன பிறகு, ஒரு பெரிய தாளில் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். கீழே ‘ராமாயி, மூன்றாம் வகுப்பு’ என்று அவள் பெயரையும் போட்டேன். கஞ்சிப் பசை தடவிச் சுவரில் ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்து ரசித்தேன். யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆய்வாளர் ஜீப்பில் வந்தார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வண்டி ஏது? கொடைக்கானலிலிருந்து வந்துகொண்டிருந்த மதுவிலக்கு சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் அவரைப் பாதி வழியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆய்வாளர் என் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அந்த மனிதர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பொழுது போகாமல் சுவரைப் படித்துக்கொண்டு நின்றார். ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். “நல்ல கற்பனை சார். அருவின்னா எந்த அருவி?” என்று என்னிடம் கேட்டார். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினேன். ஆமாம், காட்டினேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் திரும்பினீர்கள். பிள்ளைகளுக்குப் பஞ்சாமிர்தம் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தீர்கள். சுவரைப் பார்த்தீர்கள். டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, தாளைச் சுவரிலிருந்து உரித்து மடித்தீர்கள்.

“அவ வைக்கச் சொன்னாளா சார்?”

“அழிக்கத்தான் சொன்னா. கூச்சம். அதுக்காக இவ்வளவு நல்ல கதையை...”

“தைலத்துக்கு எதுக்கு சார் பாறைக்குப் பின்னாடி ஒளியணும்? தைலத்தைக் கண்டா அவங்கம்மா எதுக்கு வையணும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். சப் இன்ஸ்பெக்டர் பார்த்ததைச் சொன்னேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு சின்னராசு வீட்டுக்குப் போனீர்கள். வாங்க சார் என்று என்னையும் கூப்பிட்டீர்கள். எனக்குச் சோலி கிடக்கிறது, நீங்கள் போய்வாருங்கள் என்றேன்.

சின்னராசு சிரித்தாராம். “ஏன் டீச்சரம்மா, சின்னப்புள்ள கிறுக்குனதப் படிச்சுட்டா போலீசு மலையேறி வருவான்? அவனுக்கு வேற சோலி கெடயாதா?” என்றாராம். புதன்கிழமையும் போனீர்கள். வெள்ளிக்கிழமையும் போனீர்கள். மூன்றாம் தடவை அவருக்குக் கோபம் வந்து கதவைச் சாத்திக்கொண்டதாக வந்து சொன்னீர்கள். ராமாயியை அடித்தாரா என்று கேட்டேன். “இல்லை சார். அவளைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டுத்தான் எங்கிட்ட பேசினாரு” என்றீர்கள்.

சந்தை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை வெள்ளனே போலீஸ்காரர்கள் நேராக ரெட்டை அருவிக்குத்தான் போனார்கள். வேறு எங்கும் தேடவில்லை. தை மாதத்துப் பனி, பாறையெல்லாம் உறைந்து வழுக்கும். இரண்டு பேரைப் பிடித்தார்கள். சின்னராசு மூங்கில் குழாயைக் கையில் பிடித்தபடியே பாறை மேல் ஓடினாராம். மஞ்சில் ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது என்று சொன்னார்கள். அவரைப் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவர இரண்டு நாள் ஆனது. செம்புப் பானையை அன்றைக்கே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

இழவு வீட்டுக்கு நாம் இருவரும் போனோம். ராமாயி ஒரு மூலையில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிலேட்டில் ஒன்றும் இல்லை. எச்சிலைத் தொட்டுத் தொட்டு, பாவாடையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நீங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என்னால் உள்ளே போக முடியவில்லை டீச்சர்.

பத்தாம் நாள் கழிந்து ஊர்ச்சாவடியில் கூட்டம். சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் போலீஸ் வந்தது என்று அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஊர்ப் பெரியவர் சுற்றி வளைக்கவில்லை. “எழுதுன புள்ளைய நாங்க ஒண்ணும் சொல்லலே. அது பச்சப்புள்ள. எழுதுனதச் செவத்துல ஒட்டுனது யாரு? அதை மட்டும் சொல்லுங்க. ஒட்டுனவங்க இந்த மலைல இருக்கக் கூடாது. மத்தவங்க இருந்து புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கலாம்.”

நான் தொண்டையைச் செருமினேன். அது உண்மை. செருமினேன், அதற்கு மேல் வரவில்லை. என் மனைவி அப்போது ஐந்தாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போய் நிற்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

“நான்தாங்க ஒட்டுனேன். பழனிக்குப் பொறப்படுறதுக்கு முன்னாடி ஒட்டிட்டுப் போனேன்.”

பெரியவர் என்னைப் பார்த்தார். “அப்படித்தானா சார்?”

நான் சாவடித் தூணைப் பார்த்தேன். தலை அசைந்தது. ஆட்டினேன் என்று சொல்லவேண்டும், அசைந்தது என்று எழுதுவது அயோக்கியத்தனம். சின்னராசுவின் பெண்சாதி அங்கிருந்த மண்ணை அள்ளி உங்கள்மேல் வீசினாள். அது உங்கள் சேலையிலும் தலையிலும் விழுந்தது. நீங்கள் தட்டிவிடக்கூட இல்லை. பிள்ளைகளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்து உங்களிடம் ஏதோ உளறினேன். “விடுங்க சார். உங்களுக்கு நாலு புள்ளைங்க. எனக்கு ஒரு டிரங்குப் பெட்டி” என்றீர்கள். மறுநாள் காலை நீங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூண்டிக்கு இறங்கினீர்கள். ஊரில் யாரும் சுமக்க வரவில்லை. நானும் வரவில்லை. பிறகு உங்களுக்கு எங்கோ கீழே, கிணற்றில் தண்ணீர் இல்லாத ஒரு ஊருக்கு மாற்றல் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. ராமாயி வரவில்லை. அம்மாவோடு பூண்டுக் காட்டுக்குப் போனாள். பதினைந்து வயதில் கட்டிக்கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக் கடைசி மணியில் நான் மறுபடி வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பன்னிரண்டு வருஷமும் அதுதான்.

முந்தாநாள் சாயங்காலம், விளக்கு வைப்பதற்குள், உங்கள் நோட்டை முழுக்கப் படித்துவிட்டேன். தொப்பி தின்ற மாடு இருந்தது. பள்ளங்கி ஊரில் பெண் எடுத்த கரடி இருந்தது. நோட்டுக்கு நடுவில், நாலாக மடித்த என் தாள் இருந்தது. பின்னால் இன்னும் சுவரின் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், உங்கள் கையெழுத்தில், நான் அறியாத ஒரு கதை. மேலே ‘ராமாயி. பூண்டியில் லாரிக்குக் காத்திருந்தபோது வந்து எழுதிக்காட்டியது’ என்று குறித்திருந்தீர்கள். இரண்டு மைல் அந்தப் பிள்ளை சிலேட்டோடு உங்களுக்குப் பின்னால் நடந்து வந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் தெரியும்.

நேற்று வெள்ளிக்கிழமை. வாய்ப்பாடு முடிந்து மணி அடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு ராமாயி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பூண்டுத் தண்டை அறுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் பக்கத்தில் தோலைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. போன ஜூனில்தான் அதை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தாள்.

“டீச்சர் தவறிட்டாங்கத்தா” என்றேன்.

அரிவாள் நின்றது. “எப்ப?” என்றாள். சொன்னேன். நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

“எழுத்தெல்லாம் மறந்துபோச்சு சார். நீங்களே படிங்க.”

அந்தக் கடைசிப் பக்கத்தை என் வாயால் அவளுக்குப் படித்துக் காட்டவேண்டியிருந்தது. படித்தேன்.

‘சிலேட்டுக் குச்சியை விட்டுட்டேன்னு திரும்ப வந்தேன். சாரு ஒட்டிக்கிட்டு இருந்தாரு. நான் சன்னல் வழியாப் பாத்தேன். நான் அழிங்கன்னு சொன்னேன். சாரு அழிக்கலே. இப்ப எங்க அய்யா இல்லே. டீச்சர்தான் ஒட்டுனாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. டீச்சர் யார்ட்டயும் சொல்லாதேன்னாங்க. நான் சொல்ல மாட்டேன்.’

அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். ‘வைக்கவா, அழிக்கவா என்று கேட்டேன். வைங்க டீச்சர், ஆனா சாருக்குக் காட்டாதீங்க, அவரு பாவம் என்றாள்.’

அழுதேன். ஐம்பத்தாறு வயசுக் கிழவன், அவளுக்கும் அவள் மகளுக்கும் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். ராமாயி அழவில்லை. “நான்தான் ஒட்டுனேன்” என்றேன், என்னவோ அவளுக்குப் புதிதாகச் சொல்கிற மாதிரி.

“தெரியும்ல சார்.”

“ஏத்தா இத்தனை வருஷம் சொல்லலே? உங்க அம்மாகிட்டகூட?”

“டீச்சர்ட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்ல.” பூண்டை ஒதுக்கி வைத்தாள். “எங்கம்மா சாகுற வரைக்கும் டீச்சரை வஞ்சுச்சு சார். தெனம் வையும். நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

நாலாக மடித்த தாளைப் பிரித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து மறந்துபோயிருந்தாலும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. சுண்ணாம்பை விரலால் தடவிப் பார்த்தாள். உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன்.

“வைக்கவா ராமாயி, அழிக்கவா?”

“அன்னைக்கே சொன்னேனே சார்” என்றாள்.

தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பில் போட்டாள். நான் வாசலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன், நீங்கள் செய்வது போல. திரும்பி வந்து நோட்டை என் கையில் கொடுத்தாள். “இது இருக்கட்டும். டீச்சர் எழுதுனது” என்றாள். நான் கிளம்பும்போது மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“இதுக்கு வாய்ப்பாடு மட்டும் நல்லாச் சொல்லிக்குடுங்க சார். கதை வேணாம்.”

சரி என்றேன்.

இன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. உங்கள் நோட்டு என் மேசைமேல் இருக்கிறது. தைல வாசனை கொஞ்சம் குறைந்திருக்கிறது. தாள் எரிந்துவிட்டது, அவள் அழித்துவிட்டாள். பிள்ளை அழித்தால் படித்தவர்களும் மறந்துவிடவேண்டும் என்றீர்கள். நேற்றிலிருந்து முயன்று பார்க்கிறேன் டீச்சர். எங்க சோலைல ஒரு பூதம் இருக்கு. அது பேரு புகைப்பூதம். ஒரு சொல் விடாமல் வருகிறது.